மில்லிமீட்டரில் பிறந்த ஜாஸ் பேஸ்

1970களில் ஜப்பானில் செய்த ஜாஸ் பேஸ் (அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் கிட்டார்) காப்பி ஒன்று கைக்கு வந்ததும் வெர்னியர் காலிப்பரை எடுங்கள். தந்தியைக்கூட இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். இந்தப் பேஸ்களைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் காசை வீணடிப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ஜாஸ் பேஸுக்கானது என்று எழுதிய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பிக்கார்டு (உடலின் முகப்பில் பதிக்கும் தகடு), பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சுழல் மின்தடை), டியூனர் (தந்தியை முறுக்கும் ஆணி) எல்லாவற்றையும் முதல் வாரமே வாங்கிவிடுகிறார்கள். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் பாட் துளைக்குள் நுழையாது, பிக்கப் குழியில் 2 மி.மீ. இடிக்கும், பிக்கார்டின் ஸ்க்ரூ துளைகளில் பாதிகூட நேருக்கு நேர் வராது. வெளியே பார்க்க அமெரிக்கப் பேஸ். உள்ளே ஒவ்வொரு துளையும் மரையும் மில்லிமீட்டர் கணக்கு. ஃபெண்டரின் வேலை முழுக்க அங்குலக் கணக்கு. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டு வேலை செய்தால் பாதித் தலைவலி குறையும்.

ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது 1960இல். ஒரு பக்கம் சாய்ந்த இடுப்பு, மேல் நட்டில் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) 38 மி.மீ. மட்டுமே அகலமுள்ள ஒல்லியான நெக் (கழுத்து), இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப், 34 அங்குல ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்). இதைப் பார்த்து ஜப்பானில் பல ஆலைகள் பேஸ் செய்தன. நகானோ மாகாணத்து மட்சுமோட்டோ நகரில் இருந்த ஃபூஜிஜென், மட்சுமோக்கு இரண்டும் அவற்றில் முக்கியமானவை. மட்சுமோக்கு அதற்கு முன் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த ஆலை. ஒரே ஆலையில் செய்த பேஸ் நாட்டுக்கு நாடு வேறு வேறு பெயரில் விற்பனைக்குப் போனது. ஆகவே ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) இருக்கும் பெயரை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்ய முடியாது. நெக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

விற்கிறவர்கள் இவற்றை 'லாசூட்' (வழக்கு) கிட்டார் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்த வழக்கு 1977இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானிய கிட்டார் பிராண்டான ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக் வடிவத்தைப் பற்றியது. 1978இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாகிவிட்டார்கள். ஃபெண்டர் அந்த வழக்கில் கட்சியே இல்லை. ஆகவே ஜாஸ் பேஸ் காப்பிக்கு அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது வேலையை ஃபூஜிஜென்னிடமேதான் கொடுத்தார்கள். அந்த ஊர்க் கைத்திறனை மதிக்க அது போதும்.

70களின் முதல் பாதியில் வந்த மலிவான காப்பிகளில் உடல் பெரும்பாலும் பிளைவுட். பின்னால் வந்த நல்லவற்றில் சென் என்ற ஜப்பானிய மரமோ ஆஷ் மரமோ இருக்கும். சென்னின் ரேகை ஆஷைப் போலவே இருக்கும். கண்ட்ரோல் பிளேட்டை (பாட்கள் பொருத்திய தகடு) திறந்து குழியின் பக்கச்சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள், பிளைவுட் என்றால் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். பிளைவுட் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. அது வெடிக்காது, முறுக்கிக்கொள்ளாது. ஸ்க்ரூவை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்காது, பெயிண்டை உரித்தால் ஓரங்களில் அடுக்கு தெரியும் என்பதுதான் அதன் குறை. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

அளக்க வேண்டியவை

முதலில் மேல் நட்டின் விளிம்பிலிருந்து 12ஆம் பிரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 432 மி.மீ. வந்தால் 864, அதாவது முழு 34 அங்குல ஸ்கேல். 381 வந்தால் அது 30 அங்குலக் குட்டை ஸ்கேல்; அதற்குத் தந்தியே வேறு. பிறகு உடலின் தடிமன், நெக் குழியின் ஆழம், நெக் அடிப்பகுதியின் தடிமனும் அகலமும், பாட் துளையின் விட்டம், இரண்டு பிக்கப்களின் நீளம், டியூனர் துளை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அசல் ஜாஸ் பேஸின் அளவை எழுதுங்கள்: உடல் 44 மி.மீ., நெக் குழி ஆழம் 16, நெக் அடி தடிமன் 25.4, அகலம் 63.5, பாட் துளை 9.5, நெக் பக்கப் பிக்கப் 91.4, பிரிட்ஜ் பக்கப் பிக்கப் 94.

அசலில் இரண்டு பிக்கப்களின் நீளமும் வேறு. பல காப்பிகளில் இரண்டும் ஒரே அளவு. பாட் துளை அசலில் 3/8 அங்குலம், நம் தச்சர் கணக்கில் 3 நூல். காப்பியில் 7 அல்லது 8 மி.மீ.தான். பாட்டின் தண்டும் வேறு: ஜப்பானியத் தண்டில் 18 பல், அமெரிக்கத் தண்டில் 24. பழைய நாபை (பாட்டின் குமிழ்) புதுப் பாட்டில் அடித்து ஏற்றினால் நாப் பிளந்துவிடும். பிரிட்ஜ் சாடிலின் (உடல் பக்கம் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் துண்டு) உயரத் திருகுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) வேண்டும். 1/16 அங்குலக் கீ 1.59 மி.மீ., உள்ளே போகாது. அழுத்தி நுழைத்தால் திருகின் வாய் போய்விடும்.

நெக்கும் அதன் குழியும்

வேலையை நெக்கிலிருந்து தொடங்குங்கள். பிக்கப் செத்திருந்தாலும் பரவாயில்லை, பெயிண்ட் உரிந்திருந்தாலும் பரவாயில்லை. நெக் நேராகவில்லை என்றால் மற்ற எதற்கும் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

தந்தியைச் சுருதிக்கு ஏற்றி, முதல் பிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டில் நான்கில் மிகத் தடித்த ஈ தந்தியை அழுத்துங்கள். 7ஆம் பிரெட்டின் தலைக்கும் தந்திக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). 0.3 முதல் 0.35 மி.மீ. இருந்தால் சரி. 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் நெக் தந்தியின் இழுப்புக்கு வளைந்து போயிருக்கிறது. நான்கு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. முப்பது நாற்பது வருடம் யாரும் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி) தொடாமல் மூலையில் சாய்த்து வைத்த பேஸில் இது சகஜம்.

ட்ரஸ் ராட் நட் சில காப்பிகளில் ஹெட்ஸ்டாக்கில் இருக்கும், 4 மி.மீ. ஆலன் கீ போகும். சிலவற்றில் 60களின் ஃபெண்டர் போல நெக்கின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்ற வேண்டும். எதுவானாலும் முதலில் தளர்த்துங்கள். தளர்த்தும்போதே நட் நகர்கிறதா, மரை சுத்தமாக இருக்கிறதா என்று கைக்குத் தெரிந்துவிடும். துருப்பிடித்து நின்றுவிட்டால் ஊடுருவும் எண்ணெயை ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு மரையில் மட்டும் விடுங்கள், மரத்தில் பரவினால் பின்னால் பசை ஒட்டாது. சால்டரிங் அயர்ன் முனையை நட்டின் மேல் இரண்டு நிமிடம் வைத்துச் சூடேற்றினாலும் இளகும்.

நட்டை முழுக்கக் கழற்றி, மரையைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, வாஷர் போட்டுத் திரும்ப ஏற்றுங்கள். ராட் எல்லைவரை இறுகியும் நெக் வளைந்தே இருப்பதாகத் தோன்றும் பல பேஸ்களில் உண்மையில் நடந்திருப்பது, நட் மரையின் கடைசிக்குப் போய் முட்டி நிற்பதுதான். இரண்டு வாஷர் கூடுதலாகப் போட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று கிடைக்கும். அதற்கும் மசியாத நெக்கை ராடின் பலத்தால் இழுக்கக் கூடாது, ராட் முறிந்துவிடும். நேர்க்கோல் ஒன்றைப் பிரெட் பக்கம் வைத்து, இரு முனையிலும் மரத்துண்டு கொடுத்து, நடுவில் கிளாம்ப் போட்டு நெக்கை நேரைத் தாண்டி மறுபக்கம் லேசாக வளையும்வரை இறுக்குங்கள். அந்த நிலையில் ட்ரஸ் ராட் நட்டைக் கையால் சுற்றக்கூடிய அளவுக்கு மட்டும் இறுக்கி ஒரு நாள் அப்படியே விடுங்கள். ராட் நெக்கை வளைப்பதில்லை, வளைத்து வைத்த நெக்கைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் கிளாம்ப்.

அடுத்து நெக் போல்ட். பெயர்தான் போல்ட், நான்கும் மர ஸ்க்ரூ. இங்கேதான் மில்லிமீட்டர் கணக்கு உயிர் போகிற விஷயமாகிறது. அசலில் 44 மி.மீ. உடலில் 16 மி.மீ. குழி, மீதி 28. நெக் பிளேட் (ஸ்க்ரூ தலைகளுக்கு அடியில் இருக்கும் தகடு) 1.5. 45 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் நெக்குக்குள் போவது 15.5 மி.மீ. காப்பியின் உடல் 40 மி.மீ. மட்டுமே இருந்தால் அதே ஸ்க்ரூ 19.5 மி.மீ. உள்ளே போகும். நெக் அடி 25 என்றால் மேலே மிஞ்சுவது ஐந்தரை, அது முழுக்க ஃபிங்கர்போர்டு (பிரெட் பதித்த பலகை). கடைசிப் பிரெட்களுக்கு இடையே பலகை சின்னதாகப் புடைத்திருந்தால் யாரோ நீளமான ஸ்க்ரூ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். துரு ஏறிய ஸ்க்ரூவை மாற்றும்போது பழையதன் நீளத்தையே வாங்குங்கள். அந்தப் பழையதே தவறாக இருக்கலாம் என்பதால் இந்தக் கூட்டல் கழித்தலைக் கண்டிப்பாகப் போட்டுப் பாருங்கள்.

ஸ்க்ரூ உடலின் துளையில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், நெக்கில் மட்டும்தான் கடிக்க வேண்டும். பிளைவுட் உடலில் இந்தத் துளைகள் பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும். ஸ்க்ரூ உடலையும் கடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் நெக்குக்கும் குழிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி அப்படியே நிற்கும். உடல் துளைகளை 4.5 மி.மீ. டிரில்லால் திறந்துவிடுங்கள். அதற்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுற்றிப் பெயிண்டை வெட்டுங்கள். இந்தப் பாலியஸ்டர் பெயிண்ட் கண்ணாடி மாதிரி, நேராகத் துளைத்தால் செதில் செதிலாகத் தெறிக்கும்.

நெக் பக்கத் துளை மரை தேய்ந்து ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் தீக்குச்சி திணிப்பது இரண்டு மாதத்துக்குத்தான் தாங்கும். 8 மி.மீ. டிரில்லில் 15 மி.மீ. ஆழத்துக்கு டேப் அடையாளம் ஒட்டித் துளைத்து, கெட்டி மரத்தில் செய்த குச்சியை மரப்பசையில் இறக்கி ஒரு இரவு விடுங்கள். பிறகு 3.2 மி.மீ. துளை. ஸ்க்ரூ மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றினால் தலை முறியாது.

சாடிலை அடிமட்டத்துக்கு இறக்கியும் தந்தி உயரமாகவே இருந்தால் நெக்கின் கோணம் குறைவு. குழியின் உடல் பக்க முனையில் கனத்த அட்டைத் துண்டு வைப்பது பழைய பழக்கம். கால் மி.மீ. வரை அது போதும். அதற்கு மேல் வேண்டுமானால் குழி முழுவதையும் நிரப்பும் ஆப்பு வடிவ மரச் செதிலாக வையுங்கள்; முனையில் மட்டும் கனமாக வைத்து வருடக்கணக்கில் இறுக்கினால், நடுவில் தாங்கல் இல்லாமல் நெக்கின் வால் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். ஒரே தந்தியில் கடைசி நான்கு பிரெட்டில் எதை அழுத்தினாலும் ஒரே சுரம் கேட்கிற பேஸில் இதுதான் நடந்திருக்கும்.

பிரெட்

பிரெட் உயரத்தை அளந்து 0.6 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மட்டம் செய்ய இடமில்லை, புதுப் பிரெட்தான். அதற்கு மேல் இருந்தால் சீர்செய்யலாம். தந்தி இல்லாமல், ட்ரஸ் ராடைத் திருகி நெக்கை நூல் பிடித்த மாதிரி நேராக்குங்கள். ஃபிங்கர்போர்டு முழுக்க மாஸ்கிங் டேப். முதலில் தளர்ந்த பிரெட் இருக்கிறதா பாருங்கள்: விரல் நகத்தால் முனையில் அழுத்தினால் அசையும், தட்டினால் மற்றவை போல் ஒலிக்காது. அசைவதை அழுத்திப் பிடித்து, அடியில் நீர்த்த சூப்பர் குளூவை ஒரு சொட்டு ஓடவிட்டு, கிளாம்ப் போடுங்கள். இதைச் செய்யாமல் தேய்த்தால், தளர்ந்த பிரெட் உப்புத்தாளுக்கு அடங்கி அமுங்கிவிட்டு, தந்தி ஏறியதும் மறுபடி எழும்பும்.

பிறகு ஒவ்வொரு பிரெட்டின் தலையிலும் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, 40 செ.மீ. நீள நேரான கட்டையில் 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, தந்தி ஓடும் திசையிலேயே லேசாக இழுங்கள். பத்து இழுப்புக்குப் பிறகு நின்று பாருங்கள். மை போய்ப் பளபளப்பது உயரமான பிரெட், மை அப்படியே இருப்பது பள்ளம். பெரும்பாலும் முதல் ஐந்து பிரெட்டில் ஈ, ஏ தந்திகளுக்கு அடியில் மை கடைசிவரை நிற்கும். அங்கேதான் வாசித்து வாசித்துத் தேய்ந்திருக்கிறது. எல்லாத் தலையிலும் மெல்லிய வெள்ளிக் கோடு விழுந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கோடு சில பிரெட்டில் அகலமாகவும் சிலவற்றில் முடி அளவாகவும் இருக்கும். மறுபடி மை பூசி, குழிந்த பிரெட் அரத்தால் இரு தோளையும் உருட்டி, நடுவில் மயிரிழைக் கறுப்புக் கோடு மிஞ்சும்வரை கொண்டுவாருங்கள். அந்தக் கோட்டைத் தொட்டால் மட்டம் போய்விடும். 600, 1000, 2000 என்று உப்புத்தாள் மாற்றி மெருகேற்றுங்கள். எஃகு நார் போடுவதாக இருந்தால் நெக்கை உடலிலிருந்து கழற்றி வேறு அறைக்கே எடுத்துப் போங்கள். ஒரு துணுக்கு பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது, வருடக்கணக்கில் கரகரக்கும்.

மேல் நட் இந்தப் பேஸ்களில் பெரும்பாலும் உள்ளே கூடான பிளாஸ்டிக். எலும்பு நட் மாற்றுவது குறைந்த செலவில் நல்ல பலன் தரும் வேலை. ஈ தந்தியும் ஜி தந்தியும் ஃபிங்கர்போர்டு ஓரத்திலிருந்து மூன்றரை முதல் 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். 3ஆம் பிரெட்டில் தந்தியை அழுத்தும்போது முதல் பிரெட்டின் மேல் ஒரு சாதாரணத் தாள் நுழையும் இடைவெளி இருந்தால் பள்ளத்தின் ஆழம் போதும்.

மின்பகுதி

கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு ஒயரும் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியும்படி. மல்டிமீட்டரில் பிக்கப்பின் இரு முனையை அளந்தால் 5 முதல் 8 கிலோ ஓம் வரை எது வந்தாலும் பிக்கப் உயிரோடு இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்திருக்கிறது. உடனே தூக்கி எறியாதீர்கள். சுருள் கம்பி 0.063 மி.மீ. தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. அது அறுவது பெரும்பாலும் வெளி ஒயரோடு சேரும் சால்டர் கண்ணில்தான். பூதக்கண்ணாடி வைத்து வெளிச்சுற்றின் நுனியைக் கண்டுபிடித்து, எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்தால் பாதிக்கும் மேற்பட்டவை பிழைத்துக்கொள்ளும்.

ஆம்பில் ஒலியை ஏற்றும்போது பிக்கப் கீச்சிட்டால் சுருள் தளர்ந்திருக்கிறது. பாரஃபின் மெழுகு 80 பங்கு, தேன் மெழுகு 20 பங்கு கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீ கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். தெர்மாமீட்டரில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள், பழைய பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும். காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 20 நிமிடம், பிக்கப்பை மூழ்க வைத்து எடுங்கள்.

இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்ததும் பேஸ் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவது போல் ஆகிறது என்பது இந்தக் காப்பிகளில் அடிக்கடி கேட்கும் புகார். இதைத் தீர்க்க புதுப் பிக்கப் வேண்டாம். ஒரு திசைகாட்டியும் முள் மீட்டரும் போதும். முதலில் திசைகாட்டியை ஒவ்வொரு பிக்கப்பின் தலைமேலும் கொண்டுபோய், முள்ளின் எந்த முனை இழுபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரைக் குறைந்த டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பை உயிர் ஒயரிலும் (ஒலி சிக்னல் போகும் ஒயர்) கறுப்பை எர்த்திலும் கவ்வி, ஸ்க்ரூ டிரைவரின் இரும்பை காந்தத் தலைகளில் வைத்து வெடுக்கென்று இழுங்கள். முள் வலப்பக்கம் துள்ளுகிறதா, இடப்பக்கமா? இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ளினால் ஒலி சேர்ந்து வரும். எதிரெதிராகத் துள்ளினால் ஒன்றையொன்று தின்றுவிடும். மெலிந்த ஒலிக்குக் காரணம் அதுதான். ஏதாவது ஒன்றின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது.

ஒரே பக்கம் துள்ளி, காந்த முனைகள் எதிரெதிராகவும் இருந்தால் இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்போது கரண்ட் இரைச்சல் தானாக அடங்கும். அசல் ஜாஸ் பேஸ் இப்படித்தான். காப்பிகளில் இரண்டு பிக்கப்பும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே காந்தம், ஒரே சுற்று. ஆனால் மலிவான பிக்கப்களில் காந்தம் என்பது அடியில் ஒட்டிய ஒற்றை செராமிக் பட்டை. அதை மெதுவாகப் பெயர்த்து, தலைகீழாகத் திருப்பி ஒட்டி, அந்தப் பிக்கப்பின் ஒயரை மாற்றிவிட்டால், அசலில் இருக்கும் வசதி காப்பிக்கும் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பிக்கப்புக்கு உலோக மூடி இருந்து, அது எர்த் ஒயரோடு உள்ளேயே சேர்ந்திருந்தால், ஒயரை மாற்றும்போது மூடி உயிர் ஒயராகிவிடும், கை பட்டால் இரையும். மூடிக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டு மாற்றுங்கள்.

பாட் 250 கிலோ ஓம் மூன்று, டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபேரட் கப்பாசிட்டர். அதன் மேல் 473 என்று அச்சிட்டிருக்கும். கப்பாசிட்டரும் ஒயரும் ஜாக்கும் சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். ஜப்பானியப் பாட்டில் ஏ என்றால் லாக் (மடக்கை விகிதத்தில் மாறுவது), பி என்றால் லீனியர் (சீராக மாறுவது); டோனுக்கு ஏ போடுங்கள். பழைய பாட் கரகரத்தால் கிளீனர் அடித்து முப்பது தடவை சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டும் என்றால், துளைக்கு ஏற்ற மில்லிமீட்டர் பாட் தேடுவது நல்லது. 9.5க்குத் துளையைப் பெரிதாக்கினால் பழைய கண்ட்ரோல் பிளேட்டை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

காப்பிகளில் இன்னொரு வழக்கமான தவறு வால்யூம் ஒயரிங். பிக்கப்பின் உயிர் ஒயர் பாட்டின் ஓரக் காலிலும் வெளியே போகும் ஒயர் நடுக் காலிலும் இருந்தால், ஒரு வால்யூமைப் பூஜ்யமாக்கினாலே பேஸ் முழுக்க ஊமையாகிவிடும். பிக்கப்பை நடுக் காலுக்கும் வெளியேறும் ஒயரை ஓரக் காலுக்கும் மாற்றுங்கள், இரண்டும் தனித்தனியாக வேலை செய்யும். மறு ஓரம் எர்த்.

பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயரை மறக்காதீர்கள். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறையவில்லை என்றால் அந்த ஒயர் துருவில் கரைந்திருக்கும். தந்திக்கும் ஜாக்கின் எர்த்துக்கும் இடையே மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும்.

துருவும் பெயிண்டும்

குரோமில் ஏறிய துருவுக்கு அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். வினிகரில் ஊறப்போட்டால் குரோம் விட்டுப்போன இடத்தில் அடி உலோகத்தையும் தின்னும். சாடில் திருகுகளை மட்டும் எண்ணெயில் ஒரு நாள் ஊற வையுங்கள்.

பெயிண்டைப் பற்றி உறுதியாகவே சொல்வேன்: உரிக்காதீர்கள். இந்தப் பாலியஸ்டரைப் பெயிண்ட் ரிமூவர் லேசில் அசைக்காது, ஹீட் கன் போட்டால் பிளைவுட்டின் பசை விட்டுக்கொள்ளும், உப்புத்தாளில் தேய்த்தால் வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தெறித்த இடங்களில் மட்டும் நீர்த்த சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டும் காய்ந்த பிறகு, மட்டத்துக்குச் சற்று மேலே வரும்வரை நிரப்புங்கள். பிளேடின் இரு முனையிலும் டேப் ஒட்டி நடுப்பகுதியால் மட்டும் சுரண்டினால் சுற்றியுள்ள பெயிண்டில் கீறல் விழாது. பிறகு 1000, 1500, 2000 நம்பர் தாளில் ஈரத் தேய்ப்பு, கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட். ஸ்க்ரூ துளைகளுக்குள் தண்ணீர் இறங்காமல் மெழுகு வைத்து அடைத்துவிடுங்கள். பிளைவுட் ஈரம் குடித்தால் துளையைச் சுற்றிப் பெயிண்ட் எழும்பி வட்டமாக வெடிக்கும்.

செட்டப்

பழைய ராடுக்கு 40–95 அல்லது 45–100 தந்தி (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதும். ஜி தந்தியின் சாடிலை 864 மி.மீ.யில் வைத்து, ஈ தந்தியினுடையதை 4, 5 மி.மீ. பின்னால் தள்ளித் தொடங்குங்கள். 12ஆம் பிரெட்டில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட (அதே இடத்தில் தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் சுரம்) கூர்மையாக இருந்தால் சாடில் இன்னும் பின்னே போக வேண்டும். ஈ சாடில் கடைசிவரை போயும் போதவில்லை என்றால் முதலில் அதன் ஸ்பிரிங்கை வெட்டிப் பாதியாக்குங்கள். அப்படியும் இடமில்லை என்றால் ஆலையிலேயே பிரிட்ஜ் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, துளைகளைக் குச்சியால் அடைத்துப் பிரிட்ஜை நகர்த்த வேண்டியதுதான்.

17ஆம் பிரெட்டில் தந்தி உயரம் ஈ பக்கம் 2.4 முதல் 2.8 மி.மீ., ஜி பக்கம் 2 முதல் 2.4. கடைசிப் பிரெட்டை அழுத்தியபடி பிக்கப்பின் தலைக்கும் தந்திக்கும் ஈ பக்கம் 3 மி.மீ., ஜி பக்கம் இரண்டரை. செராமிக் பட்டை உள்ள பிக்கப் என்றால் ஒலி வேண்டும் என்று இதைவிட மேலே ஏற்றாதீர்கள். காந்தம் ஈ தந்தியைப் பிடித்து இழுத்து, மேல் பிரெட்களில் சுருதி அலையும்.

புதுத் தந்தி ஏறி ஒரு வாரம் கழித்து நெக்கின் வளைவை மறுபடி அளந்து கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருத்துங்கள். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி மழை பிடித்ததும் நெக் ஈரம் குடித்து நகரும், பங்குனி வெயிலில் மறுபடி நகரும்; அந்த இரண்டு தடவையும் ஃபீலர் கேஜை எடுத்துவிடுங்கள். கழற்றிய பழைய நட், பாட், ஸ்க்ரூ எல்லாவற்றையும், அளவு எழுதிய அந்தத் தாளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு பேஸின் உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.